வேலையிழப்பும் வினைக்கொள்கையும்

ஒருவர் தம் வேலையை இழக்கும்போது அந்த இழப்புக்கு யார் பொறுப்பு என்னும் வினா பொருளியலோடு முடிந்துவிடுவதில்லை. துன்பம் எங்கிருந்து வருகிறது, அதைத் தாங்க வேண்டியவர் யார், தாங்குபவரை மற்றவர்கள் எவ்வாறு மதிக்க வேண்டும் என்னும் சமய வினாக்களும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. திருக்குறள் இதற்கு மூன்று விடைகளை மூன்று இடங்களில் வைத்திருக்கிறது. ஊழ் அதிகாரத்தின் இறுதிக் குறள் (380), ஊழைவிட வலிமையுடையது வேறொன்றில்லை என்கிறது. ஆள்வினையுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளோ (620), சோர்வின்றி முயல்பவர் அந்த ஊழையே புறங்காட்டி ஓடச் செய்வார் என்கிறது. இரவச்சம் அதிகாரத்தில் வரும் 1062-ஆம் குறள் இவ்விரண்டையும் விட்டு விலகி, ஒரு மனிதன் பிச்சையெடுத்துத்தான் உயிர்வாழ வேண்டும் என்று உலகம் படைக்கப்பட்டிருக்குமானால், அவ்வாறு படைத்தவனும் அலைந்து கெடட்டும் என்று சபிக்கிறது. விதி, தன் முயற்சி, உலகின் அமைப்பு ஆகிய இம்மூன்றில் முதலிரண்டையும் வேலையில்லாதவரிடம் எடுத்துச் சொல்லத் தமிழ்ச் சமூகம் தயங்கியதே இல்லை. மூன்றாவதைச் சொல்பவர் அரிது. மூன்றாவது விடைக்கும் சமய அடிப்படை உண்டு என்பதும், அந்த அடிப்படை மதுரை மண்ணிலேயே ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

வைகையின் வடகரையில், மாவட்ட நீதிமன்றத்தையும் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தையும் அண்டியிருக்கும் கே.கே. நகர், இவ்வினாவின் இரு முகங்களையும் ஒருசேரக் காண்பதற்கு ஏற்ற இடம். ஓய்வுபெற்ற அலுவலர்கள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள் வாழும் இப்பகுதியில், பிள்ளைகள் அமெரிக்காவில் மென்பொருள் துறையில் வேலைபார்க்கும் வீடுகள் பல உண்டு. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000-க்கும் மேற்பட்டோரையும், 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் சுமார் 12,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தபோது, கலிபோர்னியாவில் எழுந்த அச்சம் இத்தகைய வீடுகளின் கூடங்களுக்கும் வந்து சேர்ந்தது. அமெரிக்கச் சட்டத்தின் பொதுவிதிப்படி, ஒப்பந்தமோ தனிச்சட்டமோ தடுக்காத வரையில், முதலாளி எந்தக் காரணமும் காட்டாமல் எந்த நேரத்திலும் ஒருவரை வேலையிலிருந்து நீக்கலாம். தொழிலாளியும் அவ்வாறே விலகலாம். ஏட்டளவில் இரு தரப்புக்கும் சமமாகத் தோன்றும் இவ்விதிக்குச் சட்டத்தின் வழியே விலக்களித்த ஒரே மாநிலம் மொன்டானா. அங்கு 1987-இல் இயற்றப்பட்ட சட்டம், தகுதிகாண் பருவம் முடிந்தவரைத் தக்க காரணமின்றி நீக்கக்கூடாது என்கிறது. பெருமளவு ஆட்குறைப்பு செய்யும் பெரிய நிறுவனங்கள் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் கூறுகிறதே தவிர, நீக்கம் நியாயமானதா என்று அது கேட்பதில்லை. எச்-1பி விசாவில் இருப்பவருக்கோ, வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறொரு நிறுவனம் அவருக்காக மனுச் செய்ய வேண்டும், அல்லது அவர் வேறு விசாவுக்கு மாற வேண்டும், இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளி, நிறுவனத்தின் வழியே வரும் மருத்துவக் காப்பீடு ஆகிய அனைத்தும் அந்த அறுபது நாளுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொரு முகத்தைக் காண அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. மதுரை நகரின் சந்திப்புகளில் விடிந்ததும் கொத்தனார்களும், அவர்களுக்குக் கலவையும் செங்கல்லும் எடுத்துக் கொடுக்கும் நிமிர்ந்தாள்களும், சித்தாள் வேலைக்கு வரும் பெண்களும் கூடி நிற்கிறார்கள். கரண்டியும் மட்டப்பலகையும் வைத்த பை ஒரு கையிலும், மதியச் சோற்றுத் தூக்கு மறு கையிலுமாக நிற்கும் அவர்களை, ஆள் தேடி வரும் மேஸ்திரி பார்வையாலேயே அளந்து பிரித்தெடுக்கிறார். இளையவரும் உடல்வலுவுள்ளவரும் முதலில் போய்விட, வெயில் ஏறும் வரை நின்றும் அழைக்கப்படாதவர்கள் திறக்காத தூக்கோடு வீடு திரும்புகிறார்கள். மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் இயேசு கூறும் திராட்சைத் தோட்ட உவமையில் வருபவர்களும் இத்தகையோரே. பொழுது சாயும் வேளையிலும் சந்தையில் நிற்பவர்களிடம், ஏன் வேலையின்றி நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் கேட்கிறார். தங்களை எவரும் கூலிக்கு அமர்த்தவில்லை என்பதே அவர்கள் சொல்லும் பதில். அதற்குமேல் அவர்களை அவர் துருவவில்லை. கடைசியாக வந்த அவர்களுக்கும் முழுநாள் கூலியைக் கொடுக்கிறார்.

நாள்கூலிக்காரரின் பாதுகாப்பின்மையும் மென்பொருள் பொறியாளரின் பாதுகாப்பின்மையும் அளவில் ஒன்றல்ல. ஒருவருக்கு அன்றைய உலை, மற்றவருக்கு இருபதாண்டுக் கடன். ஆயினும் இருவரைப் பற்றியும் சுற்றத்தார் பேசும் பேச்சு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கிறது. நேரம் சரியில்லை, ஏழரைச் சனி நடக்கிறது, பத்தாம் இடம் கெட்டிருக்கிறது என்கிறார்கள். சோதிடத்தில் பிழைப்பைக் குறிக்கும் இடம் அது. கே.கே. நகருக்குக் கிழக்கே மேலமடையிலுள்ள பாண்டி முனீசுவரர் கோயிலுக்குக் கிடா வெட்டுவதாகவும் பொங்கல் வைப்பதாகவும் நேர்ந்துகொள்பவர்களின் வேண்டுதல்களில் வேலையும் ஒன்று. அக்கோயிலுக்கு அருகே, இலந்தைக்குளத்தில், எல்காட் அமைத்த தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் கண்ணாடிச் சுவர்களுக்குள் இருப்பவர்களும் இவ்வேண்டுதலுக்கு அயலாரல்லர். நேர்த்திக்கடனைக் குறைகூற இடமில்லை. துன்பத்தில் தெய்வத்தை நாடுவது மனித இயல்பு. ஆராய வேண்டியது வேறொன்று. பிள்ளைக்கு விசா கிடைத்தபோது அது அவன் படிப்புக்கும் உழைப்புக்கும் கிடைத்த பலன் என்று பேசும் அதே குடும்பம், வேலை போனதும் தலையெழுத்து என்று பேசுகிறது; கூலிக்காரர் விஷயத்திலோ அவர் கூலிக்காரராக இருப்பதே தொடக்கம் முதல் தலையெழுத்தாகக் கொள்ளப்படுகிறது. வெற்றிக்கு முயற்சியும் தோல்விக்கு ஊழும் காரணமாக்கப்படும் இக்கணக்கில், வேலையை எடுத்துக்கொண்டவர் எங்கும் இடம்பெறுவதே இல்லை.

அமெரிக்கச் சமூகம் விதியைப் பேசுவதில்லை என்று தோன்றலாம். அதன் சமய வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904, 1905 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வில், கால்வினியக் கிறித்தவத்தின் முன்குறிப்புக் கோட்பாட்டையும், அதாவது யார் மீட்படைவார் என்பதை இறைவன் முன்னரே தீர்மானித்துவிட்டான், அதை மனிதர் அறியவும் முடியாது, மாற்றவும் முடியாது என்னும் கோட்பாட்டையும், முதலியத்தின் உழைப்பு ஒழுக்கத்தையும் இணைத்துக் காட்டினார். தாம் தேர்ந்தெடுக்கப்பட்டவரா என்னும் கலக்கத்தில் தவித்த விசுவாசிகள், இடையறாத உழைப்பிலும் அதன் வெற்றியிலும் அருளின் அடையாளத்தைத் தேடினர் என்பது அவர் வாதம். அந்த இறையியல் நம்பிக்கை தளர்ந்த பின்னரும் அடையாளம் பார்க்கும் பழக்கம் தங்கிவிட்டது. உழைப்பவன் உயர்வான் என்னும் நம்பிக்கை, உயராதவன் உழைக்கவில்லை என்னும் தீர்ப்பாக எளிதில் மாறிவிடுகிறது. நிறுவனத்தின் பங்கு விலைக்காக ஒரே நாளில் நீக்கப்பட்டவர்கூட, தம் திறமையில் என்ன குறை என்று தம்மையே விசாரித்துக்கொள்கிறார். ஒருவரின் இப்போதைய நிலையை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்கின் விளைவாகப் படிப்பதில் இப்போக்கும், இங்கு வழங்கும் வினைப்பேச்சும் உறவுடையவை. இரண்டும் இழந்தவரின் பக்கமே விரலை நீட்டுகின்றன.

வினைக்கொள்கை உண்மையில் இதைத்தான் கூறுகிறதா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது: பல பிறவிகளில் ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்து பொருந்தியது பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். பெரியபுராணத்தில் சாக்கிய நாயனார் வரலாற்றைப் பாடும்போது சேக்கிழார், செய்யப்படும் வினை, அதைச் செய்பவன், அதன் பயன், அப்பயனைக் கூட்டுவிப்பவன் என நான்கு பொருள்களைச் சைவம் கொள்வதாகக் குறிப்பிடுகிறார். வினை அறிவற்றது, ஆகவே அது தானாகச் சென்று செய்தவனைப் பற்றாது, இறைவனே அதைச் சேர்ப்பிக்கிறான் என்பது இதன் கருத்து. இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. எந்தத் துன்பம் எந்த வினையின் பயன் என்பதை அறிந்தவன் கூட்டுவிப்பவனே. பக்கத்து வீட்டுக்காரருக்கோ உறவினருக்கோ அவ்வறிவு தரப்படவில்லை. ஆகவே தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ள ஒருவர் வினையை நினைக்கலாம். பிறர் துன்பத்தின் மேல் தீர்ப்பெழுத அதைப் பயன்படுத்துவது தமக்கில்லாத அறிவை உடையவராகக் காட்டிக்கொள்வதாகும்.

இரண்டாவது முடிவு இதைவிட முக்கியமானது. வேலைநீக்கம் என்னும் ஒரே நிகழ்ச்சி நீக்கப்பட்டவருக்குப் பிராரத்தம் என்று வைத்துக்கொண்டாலும், நீக்கியவருக்கு அது ஆகாமியம். கையெழுத்திட்டவர், கையெழுத்திடச் சொன்னவர், அதனால் ஆதாயம் அடைந்தவர் ஆகிய அனைவரும் அந்த நொடியில் புதுவினை ஈட்டுகிறார்கள். வழக்கில் உள்ள வினைப்பேச்சு இக்கொள்கையின் ஒரு பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மறுபாதியை மறந்துவிட்டது. தொழிலாளியின் பழைய வினைதான் முதலாளியைக் கருவியாக்கியது, ஆகவே அவரிடம் குற்றமில்லை என்று வாதிடுவோர் உண்டு. இவ்வாதத்தை ஒப்புக்கொண்டால் உலகில் எந்தக் கொலையும் குற்றமாகாது. திருவாரூரில் தேர்க்காலில் சிக்கிக் கன்று இறந்தபோது, அது கன்றின் வினை என்று சொல்லித் தாய்ப்பசுவைத் திருப்பியனுப்ப மனுநீதிச் சோழனின் அவையில் ஒருவரும் துணியவில்லை. கழுவாய் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் கூறியதையும் அரசன் ஏற்கவில்லை. வினையை நம்பிய சமூகம் போற்றிய நீதி அது. பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் அமர்ந்து செல்பவனையும் காட்டும் 37-ஆம் குறளுக்கு, அறத்தின் பயன் எது என்று நூல்வழி உணர்த்த வேண்டியதில்லை, அவ்விருவரையும் கண்டாலே போதும் என்று பரிமேலழகர் உரை கண்டார்; அவ்விருவரையும் காட்டி இதுதான் அறத்தின் வழி என்று கூறாதீர்கள் என வள்ளுவர் விலக்குவதாகப் பிற்காலத்தார் சிலர் பொருள் கொண்டனர். 1062-ஆம் குறளை எழுதியவர், சுமப்பவனின் தோளைக் காட்டி அறம் போதித்திருப்பார் என்று கொள்வது கடினம். பிற்கால உரையே வள்ளுவரின் நெஞ்சுக்கு நெருக்கமானது.

மதுரையின் சொந்தப் புராணம் இவ்வினாவில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் வரும் மண் சுமந்த வரலாற்றை மதுரையில் அறியாதவர் இல்லை. அரசுப் பொருளைக் கோயிற்பணிக்குச் செலவிட்ட அமைச்சர் வாதவூரர், அதாவது மாணிக்கவாசகர், பாண்டியனின் தண்டனைக்கு உள்ளாக, வைகை பெருகிக் கரையை உடைக்கிறது. கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு அளந்துவிடப்படுகிறது. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் மூதாட்டிக்குக் கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆயினும் அவள் பங்கு அவளுக்கு உண்டு. கூலியாளாக வந்த சிவபெருமான், உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு வேலைக்குப் போகிறார். உண்கிறார், ஆடுகிறார், பாடுகிறார், உறங்குகிறார். கங்காணிகள் சென்று முறையிட, பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அரசன், அரசி, அமைச்சர், யானை, குதிரை, கருவிலிருக்கும் குழந்தை என அத்தனை உயிர்கள் மேலும் விழுகிறது. ஆவணி மூலத் திருவிழாவில், அரப்பாளையம் அருகேயுள்ள புட்டுத்தோப்பில், திருப்பரங்குன்றம் முருகனும் திருவாதவூர் மாணிக்கவாசகரும் எழுந்தருளியிருக்க, இந்நிகழ்ச்சி ஆண்டுதோறும் நடத்திக் காட்டப்படுகிறது.

இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பதற்குச் சான்றாக இக்கதை வழக்கமாக விளக்கப்படுகிறது. அது சரியான விளக்கமே. ஆனால் அவ்விளக்கத்தோடு நிறுத்திக்கொள்வது கதையின் கட்டமைப்புக்கு நீதி செய்வதாகாது. எங்கும் நிறைந்திருத்தலைக் காட்ட இறைவன் எத்தனையோ வடிவங்களைக் கொண்டிருக்கலாம். இக்கதை தேர்ந்துகொண்டது, ஆதரவற்ற ஒரு முதியவளிடம் ஒருநாள் கூலிக்கு வந்த ஆளின் முதுகை. மேலும், அந்த ஆள் உண்மையாகவே வேலை செய்யவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கங்காணிகள் பொய் சொல்லவில்லை. தகுதியும் உழைப்பும் உள்ளவர் நீக்கப்பட்டால்தான் அநீதி, சோம்பேறி நீக்கப்பட்டால் நியாயம் என்று பேசுபவர்களுக்கு இக்கதை இடம் கொடுப்பதில்லை. குற்றம் தொழிலாளியிடமே இருந்தபோதிலும் அவர் மேல் விழும் அடி அவரோடு நிற்பதில்லை என்றே அது சொல்கிறது. ஒரு கூலியாளின் துன்பம் ஊரின் துன்பம், அதை ஊர் உணராவிட்டாலும் அது ஊரின் மேல்தான் விழுகிறது என்பது இக்கதையின் வாயிலாகப் பெறப்படும் சமயக் கருத்து. பிட்டுத் திருவிழாவுக்குப் போய்வரும் மக்கள், வேலையிழந்த ஒருவரிடம் அது உன் விதி என்று கூறும்போது, தாங்கள் கண்டுவந்த நிகழ்ச்சிக்கு எதிராகப் பேசுகிறார்கள்.

துன்பம் எல்லோர் மேலும் விழுகிறது என்றால் பொறுப்பும் பலரிடம் பரவியிருக்க வேண்டும். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட, உழைப்பைப் பற்றிய சுற்றுமடல் இதற்கு ஒரு தெளிவான கருத்தாக்கத்தைத் தருகிறது. ஒருவரோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்பவர் நேரடி வேலை வழங்குநர்; அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைத் தொலைவிலிருந்து தீர்மானிக்கும் அரசு, சட்டம், பன்னாட்டு நிறுவனங்கள் முதலிய அனைத்தும் மறைமுக வேலை வழங்குநர் என்று அம்மடல் பிரித்துரைத்து, வேலையின்மை எந்த நிலையிலும் தீமையே, அதற்கு எதிராகச் செயற்படுவது இந்த மறைமுக வேலை வழங்குநரின் கடமை என்கிறது. அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் ஒரு திட்டத்தை நிறுத்தினால் தமிழ்நாட்டில் ஒருவர் வேலையிழக்கும் இக்காலத்துக்கு இப்பிரிவினை மிகவும் பொருந்துகிறது.

இத்தகைய பொறுப்பைச் சட்டமாக்கும் முயற்சியில் மதுரைக்கு ஒரு தனியிடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரை மில்லும், பின்னர் கருமுத்து தியாகராசர் நிறுவிய மீனாட்சி மில்லும் இந்நகரைத் தொழிலாளர் நகராக்கின. பெரிய தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு செய்வதற்கு அரசின் முன்அனுமதி வேண்டும் என்னும் விதி, தொழிற்தகராறுகள் சட்டத்தில் 25-என் என்னும் பிரிவாக 1976-இல் சேர்க்கப்பட்டது. தொழில் நடத்தும் அடிப்படை உரிமையை அது பறிக்கிறது என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது; மீனாட்சி மில் நிறுவனத்துக்கும் அதன் தொழிலாளர்களுக்கும் இடையிலான வழக்கில், பொதுநலன் கருதி விதிக்கப்பட்ட நியாயமான கட்டுப்பாடே அது என்று 1992-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைநீக்கம் இருவருக்கு இடையிலான தனிப்பட்ட விவகாரம் அல்ல, அதற்குக் காரணம் காட்டப்பட வேண்டும், அக்காரணத்தைச் சமூகத்தின் சார்பில் ஒருவர் கேட்டு ஆராய வேண்டும் என்பதே அப்பிரிவின் உட்கருத்து. அமெரிக்காவின் பொதுவிதிக்கு நேர் எதிரான நிலைப்பாடு இது. நூறு தொழிலாளர்கள் உள்ள ஆலைக்கும் பொருந்திய அவ்விதி, 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், முந்நூறும் அதற்கு மேலும் உள்ள ஆலைகளுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. முதலீட்டை ஈர்ப்பதற்கு இத்தளர்வு வேண்டும் என்று சொல்லப்படும் காரணத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. பூட்டிக் கிடக்கும் ஆலையை அனுமதி விதி திறந்துவிடாது என்பதை மதுரை தன் மில்களிலேயே கண்டிருக்கிறது. ஆனால் கேள்வி கேட்கப்படும் உரிமையை இழந்தவர்களுக்கு ஈடாக என்ன தரப்படுகிறது என்பதே அறத்தின் வினா.

ஈடு என்பது பணம் மட்டும் அன்று என்பதையும் இம்மண் அறியும். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில்தான் காந்தியடிகள் தம் உடையைக் குறைத்து அரையாடைக்கு மாறினார். அதற்கு மூன்று வாரங்களுக்குப் பின், தாகூருக்கு மறுமொழியாக எழுதிய கட்டுரையில், பசித்து வேலையற்றுக் கிடக்கும் மக்கள் முன் கடவுள் தோன்றத் துணியக்கூடிய ஒரே வடிவம், வேலையும் கூலியாக வரும் உணவுமே என்ற கருத்தை முன்வைத்தார். வேலை கடவுளின் வடிவம் என்றால், வேலையைப் பறிப்பது வருமான இழப்புக்கும் அப்பாற்பட்ட குற்றமாகிறது. 2005-இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை கேட்டவருக்குப் பதினைந்து நாளுக்குள் வேலை தராவிட்டால் அரசே படி கொடுக்க வேண்டும் என்று கூறியதில் இவ்வுணர்வின் சாயல் உண்டு. ஆனால் அது ஊரகத்தோடு நின்றது, மதுரைச் சந்திப்பில் தூக்கோடு நிற்பவரை எட்டவில்லை.

எட்டுவதாகச் சொல்லப்படும் மற்றவற்றின் அளவும் வெளிப்படையாகவே தெரிகிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் 2018-ஆம் ஆண்டுத் திட்டம், வேலையிழந்தவருக்கு அவருடைய சராசரி ஊதியத்தில் பாதியை, வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள் வரை தருகிறது. மாதம் 21,000 ரூபாய் ஊதிய வரம்புக்குள் பதிவுபெற்ற தொழிலாளர்களுக்கே அது கிடைக்கும், நாள்கூலிக் கொத்தனாருக்கும் மென்பொருள் பொறியாளருக்கும் கிடைக்காது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்த ஏழைப் பட்டதாரிக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் உதவித்தொகை மாதம் 600 ரூபாய். ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டிய அடியில் ஊர் ஏற்றுக்கொண்ட பங்கு இவ்வளவுதான் என்றால், அது போதாது. நகர்ப்புறத்தாருக்கும் வேலை உறுதி வேண்டும். உதவித்தொகை, ஒருவர் அடுத்த வேலையைத் தேடும் காலம் வரை உண்டு உடுத்து வாழப் போதுமானதாக வேண்டும். ஆலையின் அளவு எதுவானாலும், நீக்கப்படுபவருக்கு எழுத்தில் காரணமும் அதை எதிர்த்து முறையிட ஓர் இடமும் வேண்டும். இவற்றைக் கேட்க வேண்டியவர்கள் வேலையிழந்தவர்கள் மட்டும் அல்லர். வேலையில் இருப்பவர்களே முதலில் கேட்க வேண்டும்.